தேரி மேட்டை மிச்சம் வைத்த என் தங்கை

காலைப் பூசையில் எங்களோடு நின்று ஜெபித்து, எங்கள் வீட்டுப் பந்தியிலும் கை நனைத்து, இப்போது இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் துறைமுகத்து நண்பர்களுக்கும், குடும்பத்தில் மூத்தவனாகிய என் வணக்கம். என் தங்கை நம்மை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம். அவளைப் பற்றி எழுத வேண்டியவர் அவள் கணவர்தான். அவரைக் கேட்டால், "எனக்குக் கயிறு பிடிக்கத்தான் தெரியும் மச்சான், பேனா பிடிக்க வராது" என்று சொல்லிவிட்டார். நானும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் பல நாட்டுக் கப்பல் கேப்டன்களோடு அவர்கள் பாஷையிலும் என் பாஷையிலும் கலந்து பேசி வியாபாரம் செய்தவன். இந்தக் கட்டுரையை நானே என் கைப்பட எழுதினேன். தங்கை மகள் தட்டச்சு செய்தாள்.

இறந்தவர்களை "அவர்" என்று எழுதுவதுதான் மரியாதை, மாமா என்று அந்தப் பிள்ளை சொன்னாள். ஒரு பக்கம் அப்படி எழுதியும் பார்த்தேன். படித்தால் யாரோ அடுத்த தெருப் பெண்ணைப் பற்றி எழுதினது போல இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு "அவள்" என்றே எழுதியிருக்கிறேன். மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நாங்கள் பிறந்தது தூத்துக்குடிக் கடற்கரையில், அலைச் சத்தம் சுவரில் கேட்கும் வீட்டில். எங்கள் தகப்பனார் சங்கு குளித்தவர். முத்துக் குளிப்பு நின்றுபோன பிறகும் சங்குக்காக மூச்சை அடக்கிக் கடலில் இறங்கியவர். முதலில் காது போனது, பிறகு நெஞ்சு போனது, நல்ல வயதிலேயே கரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் தாயார் கருவாட்டுக் கூடை சுமந்தார். நான் பள்ளிக்கூடப் பையை வைத்துவிட்டுப் பழைய துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனேன். இன்றைக்குத் தூத்துக்குடிக்கு வரும் கப்பலுக்கு அரிசி வேண்டுமா, ஆட்டிறைச்சி வேண்டுமா, வடக்கயிறு வேண்டுமா, என் போன்தான் அடிக்கும். ஒரு தடவை பிலிப்பைன்ஸ் சமையல்காரர் ஒருவர் வாழைப்பூ கேட்டார். கப்பல் கிளம்புவதற்குள் ஏற்றிக் கொடுத்தேன். என்னால் கப்பலில் கொண்டு சேர்க்க முடியாத சாமான் கிடையாது என்று துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானே சொல்வதால் குறைத்துத்தான் சொல்கிறேன்.

தங்கையை நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தேன். அதன்பின் பைபர் வள்ளம் கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதப் போனாள். கணக்கு எழுதின நேரத்தைவிட, ரெசின் கலந்து, பைபர் விரிப்பை அச்சில் ஒட்டுகிறதை நின்று பார்த்த நேரம்தான் அதிகம். கொஞ்ச நாளில் வேலைக்காரர்கள் வராத அன்றைக்கு இவளே கையுறை மாட்டிக்கொண்டு ஒட்ட ஆரம்பித்துவிட்டாள். முதலாளி என்னிடம் வந்து, "அண்ணாச்சி, உங்க தங்கச்சிக்கு எந்தச் சம்பளத்தக் குடுக்கதுன்னு தெரியல" என்று முறையிட்டார். "ரெண்டையும் குடுங்க" என்றேன்.

மாப்பிள்ளை கப்பல்காரர். கப்பலின் மேல்தளத்தில் கயிறு, நங்கூரம், பெயிண்ட் இவற்றைப் பார்க்கும் ஆட்களுக்குத் தலைவர். போசன் என்பார்கள். ஒன்பது, பத்து மாதம் கடலில் இருப்பார், பிறகு கொஞ்ச நாள் வீட்டில் இருப்பார். கப்பல்காரன் பெண்சாதிக்கு எல்லாக் காரியமும் தன் கையாலேயே நடந்தாக வேண்டும். பிள்ளை பெற்றது, வீடு கட்டியது, எங்கள் தாயாரைக் கடைசிவரை பார்த்தது எல்லாம் அவர் கடலில் இருந்தபோதுதான். அதைப் பற்றி என் தங்கை ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

அவள் பெண் கல்லூரிக்குப் போன வருடம் என்று நினைக்கிறேன். லீவில் வந்த மாப்பிள்ளை, மேற்கே மலைத் தோட்டம் ஒன்றில் ஓடி ஓய்ந்த பழைய ஃபோர்வீல் ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினார். தெருவே கூடிவிட்டது.

"மாப்பிள்ள, ஒமக்கு வண்டி ஓட்டத் தெரியுமாவே?" என்று கேட்டேன்.

"அவ்வளவு பெரிய கப்பலே ஓடுது மச்சான், இது ஓடாதா?" என்றார்.

"கப்பல நீங்களா ஓட்டுதீய?" என்று என் தங்கை குசினிக்குள் இருந்தபடியே கேட்டாள். தெரு சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார்.

வளைகுடா நாட்டுத் துறைமுகங்களில் கரைக்குப் போகும்போது, பாலைவன மேடுகளில் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிகள் ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து அவருக்கு ஒரு ஆசை. "நம்மகிட்டயும் மேடு இருக்குல்லா ஏளா. சாயர்புரம் தேரி உச்சிக்கு உன்னயும் என்னயும் இந்த வண்டி ஏத்தும் பாரு" என்றார். வெளியூர்ச் சொந்தங்களுக்குச் சொல்கிறேன், தேரி என்றால் செக்கச் சிவந்த மணல் மேடு. பனையும் முந்திரியும் ஓரத்தில் நிற்கும், உச்சியில் வெறும் மணல்தான். மனிதன் நடந்தாலே முழங்கால் வரை இறங்கும்.

ஓட்டிப் பழகுவதற்குள் கப்பலில் இருந்து அழைப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஜீப்பில் கோழி முட்டையிட்டது.

முட்டை எடுக்கத்தான் என் தங்கை முதலில் அதற்குள் ஏறினாள். அப்படியே பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறாள். மறுநாள் நான் போனபோது கோழிகள் வெளியே நின்றன, இவள் வண்டிக்கு அடியில் கிடந்தாள். கால் மட்டும்தான் தெரிந்தது.

"ஏளா, என்ன பண்ணுத?"

"வீட்டுக்கு ஒரு சாமான் வந்தா அது வேலை செய்யணும் அண்ணே. இல்லன்னா வெளிய போவணும்."

"மெக்கானிக்க அனுப்புதேன். காசு நான் குடுக்கேன்."

"நீங்க காசு குடுத்தா அது ஒங்க வண்டியாயிரும். போய் டீயக் குடிங்க, மதினி தேடப்போறாவ."

அவள் வேலை செய்த விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு சாமானைக் கழற்றும் முன் போனில் படம் எடுப்பாள். கழற்றியதைப் பழைய சேலை ஒன்றை விரித்து, கழற்றின வரிசையிலேயே வைப்பாள். மாட்டும்போது கடைசியில் இருந்து பின்னோக்கி வருவாள். ஒரு போல்ட் மிஞ்சினாலும் மறுபடி பிரிப்பாள். தெரியாததைப் போனில் வீடியோ பார்த்துப் படித்தாள். வீடியோ வெள்ளைக்காரன் பேசுவது, பாதி புரியாது, ஆனால் அவன் கை போகிற இடத்தைப் பார்த்துக்கொள்வாள். இடையில் டிரைவிங் பள்ளிக்குப் போய் லைசென்சும் எடுத்துவிட்டாள்.

சாமான் வாங்க, காயல்பட்டினத்துக் காக்கா ஒருவர் (அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்) நடத்தும் பழைய ஸ்பேர் கடைக்குப் போவாள். முதல் நாள் நடந்ததை அந்தக் காக்காவே என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"கிளட்ச் பிளேட்டா? மெக்கானிக்க வரச் சொல்லும்மா, அளவு கேக்கணும்."

"மெக்கானிக்குதான் காக்கா வந்திருக்கேன்."

"நீயா! வூட்டுல ஆம்பளைங்க இல்லியா?"

"இருக்காவ. அவுக கடல்ல இருக்காவ, கிளட்சு கரையிலல்லா இருக்கு."

அன்றிலிருந்து அவளுக்கு அந்தக் கடையில் ஸ்டூல் போடுவார்கள். தூத்துக்குடியில் ஃபோர்வீல் ஜீப்பைத் தன் கையால் பிரித்துச் சேர்த்து ஓட்டின பெண் என் தங்கை ஒருத்திதான். வேறு யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள், நானே மாலை போடுகிறேன்.

வண்டி ஓடிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்களைத் தேரிக்கு அழைத்துப் போனாள். என் பனந்தோப்பு நண்பர் ஒருவரின் நிலத்தை ஒட்டிய மேடு அது. நான் அப்போதுதான் புதுக் கார் வாங்கியிருந்தேன், அந்தத் தெருவிலேயே பெரியது. அதைத் தார் ரோட்டில் நிறுத்திவிட்டு, நானும் என் மனைவியும் ஜீப்பின் பின்னால் ஏறினோம். மணல் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினாள். முன் சக்கரத்துக்கு நடுவில் இருந்த குமிழை இரண்டு பக்கமும் திருகிப் பூட்டினாள். பூட்டினால்தான் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்குமாம். பிறகு குந்தி உட்கார்ந்து டயரில் காற்றைப் பிடுங்கினாள்.

"பைத்தியமாளா? இருக்க காத்தையும் புடுங்குத?"

"ஒட்டகத்துக்குப் பாதம் அகலம் அண்ணே. டயரும் அப்படிப் பரந்தாத்தான் மணல்ல நிக்கும். கம்பியப் புடிச்சுக்கிடுங்க."

பிடித்துக்கொண்டோம். வண்டி உறுமவில்லை, பாயவில்லை. மாடு ஏர் இழுக்கிற மாதிரி மெதுவாக, நான்கு காலாலும் மணலை மிதித்து ஏறியது. இறங்கும்போது என் மனைவி எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். என் தங்கை முன்னால் இருந்து, "மதினி, ஒருத்தரையும் விட்டுராதீய, பொறவு கோவிச்சுக்கிடுவாவ" என்றாள். சின்னச் சின்ன மேடாக ஏறி இறங்கி, பிளாஸ்கில் கொண்டுபோன டீயைக் குடித்தோம். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றைக்குக்கூட அப்படிச் சிரிக்கவில்லை.

கடைசியாக அந்தப் பெரிய மேட்டின் அடியில் வந்து நின்றோம். அவள் வண்டியைத் திருப்பினாள்.

"ஏன் திரும்புத? ஏத்து!" என்றேன். எனக்கே ஆசை வந்துவிட்டது.

"இது அவுக வந்தப்புறம்."

"அவரு வாரதுக்குள்ள மேடு ஓடியா போயிரும்?"

"ஆடிக் காத்துல கொஞ்சம் நகரும். ஆனா இங்கனதான இருக்கும். அவுகதான் ஏத்துவேன்னு சொன்னாவ. அவுக பக்கத்துல இருக்கும்போது ஏத்துனாத்தான் அண்ணே நல்லா இருக்கும்."

அதன்பின் எத்தனையோ தடவை தேரிக்குப் போனோம். தெருப் பெண்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். அந்த ஒரு மேட்டை மட்டும் தொடவில்லை.

இனி எழுதப்போவது எனக்கு வருத்தமான பகுதி.

மாப்பிள்ளை அடுத்த லீவில் வந்தார். அவர் வந்த வாரம், மேடேற வேண்டிய லோ கியர் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. இவள் கியர் பெட்டியையே கழற்றி இறக்கிவிட்டாள். உள்ளே ஒரு பல்சக்கரம் மழுங்கியிருந்தது. காக்கா கோயம்புத்தூர் வரைக்கும் ஆள் விட்டுத் தேடினார். லீவு முழுவதும் மாப்பிள்ளை முற்றத்தில் உட்கார்ந்து, டீசல் நிரப்பின தட்டில் கியர்களைத் தேய்த்துக் கழுவினார்.

"கப்பல்லயும் துரு தேய்க்கேன், வீட்டுக்கு வந்தாலும் துரு தேய்க்கேன்."

"அங்க சம்பளம் தாராவ. இங்க மீன் கொழம்பு தாரேன். எது ஒசத்தி?"

"கொழம்புதான். ஆனா அங்க மேஸ்திரி நானு."

"இங்க நான். பேசாம தேய்ங்க."

அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை அந்த டீசல் தட்டைச் சுற்றித்தான் பார்த்தேன். பல்சக்கரம் கிடைத்தது. மாப்பிள்ளை விமானம் ஏறிய பிறகு கிடைத்தது.

அடுத்தது கொரோனாத் தொற்றுக் காலம். மாப்பிள்ளை இறங்க வேண்டிய நேரம் வந்தும், மாற்று ஆள் அனுப்ப முடியாமல் கப்பலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜீப் அப்போது முத்து மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான், இத்தனை வருடத்தில் நடக்காத ஒன்று நடந்தது. அவர் வேலை பார்த்த கப்பல் நம்முடைய துறைமுகத்துக்கே வந்தது. செய்தி கேட்டதும் என் தங்கை சேலையைக்கூட மாற்றாமல் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். "அண்ணே, நீங்க எல்லாம் செய்வீயல்லா. அவுகள ஒரு மத்தியானத்துக்கு எறக்கித் தாங்க. சாயங்காலம் திருப்பி ஏத்திரலாம்" என்றாள்.

நான் கேட்காத ஆள் இல்லை. ஏஜெண்டைக் கேட்டேன், கேப்டனிடம் போனில் பேசினேன், எனக்குத் தெரிந்த அதிகாரிகளை எல்லாம் பார்த்தேன். எல்லாரும் என்னை உட்கார வைத்து மரியாதையாகப் பேசினார்கள். கரையில் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம், அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியாததா என்றார்கள். அந்தக் கப்பலுக்குச் சாமான் கொடுத்தது நான்தான். அரிசி ஏற்றினேன், முட்டை ஏற்றினேன், என் தங்கை வைத்துக் கொடுத்த சீலா மீன் குழம்பைத் தூக்குச்சட்டியோடு ஏற்றினேன். அவள் குழம்பை ஏற்ற முடிந்த என்னால் அவள் புருஷனை இறக்க முடியவில்லை. வாழ்க்கையில் நான் தோற்றுப்போய் நின்றது அந்தக் கப்பல் ஏணிப்படிக்குக் கீழேதான்.

சாயங்காலம் கப்பல் கிளம்பி வெளியே போகும்போது, முயல் தீவுப் பக்கம் மணலில் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தினாள். கடலைப் பார்க்கத் திருப்பி, ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள். நான் பக்கத்தில் நின்றேன்.

"தெரியுதா?"

"தெரியுது. ரெண்டு லைட்டும் ஒண்ணாத்தான் எரியுது. எடதுபக்கம் கொஞ்சம் மங்கல்."

"பேட்டரி வயர மாத்தணும். கொழம்பு சாப்பிட்டீயளா?"

"சாப்பிட்டேன். நாலு சக்கரமும் சுத்துதாளா?"

"சுத்துது."

"மேடு?"

"இருக்கு. அங்கனயேதான் இருக்கு."

சிக்னல் போகும்வரை பேசினார்கள். பிறகு அவள் வண்டியில் ஏறி, என்னை வீட்டில் இறக்கிவிட்டாள்.

கடைசியில் ஒரு வழியாக அவர் வீட்டுக்கு வந்தார். வண்டியும் ஓடுகிறது, ஆளும் வந்தாயிற்று. ஆனால் வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும் தவணை வந்திருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி முடித்துவிட்டு மறுநாளே தேரி என்று முடிவு செய்தார்கள். என் மனைவி கட்டுச்சோற்றுக்குப் புளி கரைத்துவிட்டாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் கடலோரக் காற்று இரும்பைத் தின்னும். வண்டியின் முதுகெலும்பான சேசிஸில் துரு விழுந்தபோது, என் தங்கை தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்திருந்தாள். வள்ளத்துக்குச் செய்கிற மாதிரியே துருவைத் தேய்த்து, ரெசின் பூசி, பைபர் விரிப்பை இரண்டு சுற்று ஒட்டி, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டாள். எங்கள் ஆட்கள் எல்லாரும் தட்டிப் பார்த்து, இனி நூறு வருஷத்துக்குக் கவலை இல்லை என்றார்கள். கடற்கரைக்காரனுக்குத் தண்ணீர் வெளியே இருந்துதான் வரும். உள்ளே மாட்டின உப்புத் தண்ணீர் வெளியே போக வழி வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர். வண்டிக்கு அடியில் குனிந்து சின்னச் சுத்தியலால் தட்டினார். டங்கென்று கேட்க வேண்டிய இடத்தில் பொத்தென்று கேட்டது. இன்னொரு இடத்தில் தட்டினார். நிமிர்ந்து, "அக்கா, இது வண்டியா வள்ளமா?" என்றார்.

"ரெண்டுந்தான் சார்."

"வள்ளம்னா மீன்துறையில போய்ப் பதிவு பண்ணணும். என்கிட்ட கொண்டு வந்துட்டீங்களே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஸ்குரூ டிரைவரால் ஓர் ஓரத்தைக் குத்திக் காட்டினார். பைபருக்குள் இரும்பு பொடிப்பொடியாக இருந்தது, தேயிலைத் தூள் மாதிரி. "இதுல மேடு ஏறியிருந்தா நடுவுல ஒடிஞ்சிருக்கும்க்கா. ஆண்டவன் காப்பாத்தியிருக்கான்" என்றார். என் தங்கை அந்தத் தூளைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள். மாப்பிள்ளை அவள் தோளில் கை வைத்தார். நாலு பேர் பார்க்க அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

பிரிக்கத் தொடங்கினார்கள். வேப்பமரத்தில் செயின் புளாக் கட்டி மேல்கூட்டை அப்படியே தூக்கித் தொங்கவிட்டார்கள். பைபரை உரித்தெடுப்பது ஒட்டியதைவிடப் பெரிய பாடு. பாதியில் இருக்கும்போதே மாப்பிள்ளைக்கு அழைப்பு வந்தது. அதுதான் கடைசிப் பயணம், முடித்தால் ஓய்வு. "போயிட்டு வாங்க. வரும்போது ஏறி உக்காந்தா போதும்" என்று சொல்லி அனுப்பினாள்.

சொன்னபடி செய்தாள். அழுகின இரும்பை வெட்டி எடுத்து, புதுத் தகடு அளந்து, பட்டறை வெல்டரை வைத்து ஒட்டி, உள்ளே எண்ணெய் ஊற்றி, தண்ணீர் வடியத் துளை விட்டு, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினாள். அந்த வேலையின்போதே வயிற்றில் வலி என்று அடிக்கடி உட்கார்ந்தாள். பாரம் தூக்கினதால் வந்தது என்று நாங்கள் நினைத்தோம். அவளும் அப்படித்தான் நினைத்தாள். அதே இன்ஸ்பெக்டர் மறுபடி சுத்தியலால் தட்டி, "இப்ப வண்டிக்கா" என்று கை கொடுத்த அந்த வாரம்தான் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கட்டி பரவியிருந்தது. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் கொண்டுபோனேன். என் கையில் இருந்த பலம் எல்லாவற்றையும் காட்டிப் பார்த்தேன். எந்தப் பலமும் அந்தக் கட்டியிடம் எடுபடவில்லை.

மாப்பிள்ளை பாதிப் பயணத்தில் இறங்கி, மூன்று விமானம் மாறி வந்து சேர்ந்தார். வண்டி தயார், மேடும் அங்கேயே இருக்கிறது, அவரும் வந்துவிட்டார். அவளால் உட்கார முடியவில்லை. ஒரு குலுக்கலும் கூடாது என்றார் டாக்டர். முற்றத்திலாவது அவளை வண்டியில் ஏற்றி இரண்டு பேரையும் ஒரு சுற்றுச் சுற்றி வரலாம், நான் ஓட்டுகிறேன் என்றேன்.

"முத்தத்துல சுத்தவா அண்ணே இத்தன பாடுபட்டேன்? அரைகொறயா எனக்கு வேண்டாம்" என்றாள். பிறகு மாப்பிள்ளையைக் காட்டி, "இவுக ஓட்டப் படிக்கட்டும்" என்றாள்.

கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னாள். மாப்பிள்ளை முற்றத்தில் ஜீப்பை முன்னும் பின்னும் ஓட்டிப் பழகினார். அவள் எழுந்து பார்க்க முடியாது. இன்ஜின் சத்தத்தை வைத்தே உள்ளே இருந்து சொல்லுவாள்.

"கிளட்ச வெடுக்குன்னு விடாதீய."

"விடலளா."

"விட்டீய. எனக்குக் கேட்டுச்சு. அத மிதிச்சு மிதிச்சுத்தான் நான் தேய்ச்சேன், நீங்க ஒடச்சிராதீய."

"நங்கூரம் போடது இதவிட லேசு."

"நங்கூரத்துக்கு ரிவர்ஸ் கியர் கெடயாது. மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க."

வண்டி நின்று நின்று போகும். அவள் சிரிப்பாள், வலியில் பாதிச் சிரிப்பு நின்றுவிடும். மாப்பிள்ளை இரண்டாவது கியரைச் சத்தமில்லாமல் போட்ட அன்றைக்கு, "ம், இது சரி" என்றாள். அந்த வாரக் கடைசியில், பங்குச் சாமியார் வந்து கடைசி எண்ணெய் தொட்டு அவஸ்தைப் பூசுதல் கொடுத்து, நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது அமைதியாகப் போய்விட்டாள்.

உழைப்பு, தைரியம், சிரித்த முகம் என்று நிறைய எழுதலாம். எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு ஆறாதது ஒன்றே ஒன்றுதான். அவள் கேட்டது பெரிய ஆசை இல்லை. ஒரு மத்தியானம், ஒரு மேடு, பக்கத்தில் புருஷன். வண்டி இருக்கும்போது ஆள் இல்லை, ஆள் இருக்கும்போது வண்டி இல்லை, இரண்டும் இருக்கும்போது அவள் இல்லை. இதை யார்மேல் போட்டுக் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. கோபப்பட ஆள் இருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அடக்கத்தன்று கடையைப் பூட்டிவிட்டு வந்து கல்லறை வாசலில் நின்ற காயல்பட்டினத்துக் காக்காவுக்கு நன்றி. அவள் வாங்கிய கடைசிச் சாமானுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். சீருடையோடு வந்து மாலை வைத்த இன்ஸ்பெக்டர் தம்பிக்கும், பைபர்ப் பட்டறை ஆட்களுக்கும், அவளைக் கடைசிவரை குளிப்பாட்டித் துடைத்த தெருப் பெண்களுக்கும், மருந்து கொடுத்த டாக்டர்களுக்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கும், பங்குச் சாமியாருக்கும், கன்னியாஸ்திரீகளுக்கும், இந்த மலரை அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் விட்டுப்போனவர்கள் மன்னிக்கவும். ஜீப்பை விலைக்குக் கேட்டு எனக்குப் போன் செய்பவர்கள் இனிமேல் செய்ய வேண்டாம்.

மாப்பிள்ளை இப்போது கப்பலுக்குப் போவதில்லை. ஒரு வருடமாகத் தினமும் காலையில் வண்டியை எடுத்து, கடற்கரை மணலிலும் தேரியின் சின்ன மேடுகளிலும் ஓட்டிப் பழகினார். போன மாதம் லைசென்சும் கைக்கு வந்துவிட்டது. இன்று பந்தி எல்லாம் முடிந்து, நீங்கள் விடைபெறும் நேரத்தில், அவர் அந்தப் பெரிய மேட்டுக்குப் போகிறார். நானும் வருகிறேன் என்று கேட்டேன், என் வயதையும் சொல்லிக் கேட்டேன். "இல்ல மச்சான்" என்றார். அதனால் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வழியில் சாயர்புரம் பக்கம் போகிற சொந்தக்காரர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அவர் வண்டியைக் கிளப்பும்போது, பக்கத்து இருக்கை காலியாகத்தானே இருக்கிறது, பாதி வழியாவது போய்க்கொள்ளலாம் என்று யாரும் ஏறிவிட வேண்டாம். பஸ் இருக்கிறது. பஸ் பிடிக்க முடியாதவர்களை என் காரில் நானே கொண்டுபோய் இறக்கிவிடுகிறேன்.